சாவிக்கொத்து யார் இடுப்பில்? இத்தாலிய மாஃபியா குடும்பங்களில் பெண்கள் (விவாத இழை)

பதிவு 1 | கரிசல்காட்டான்

அனைவருக்கும் வணக்கம். இத்தாலியக் குற்றக்குழுக்களைப் பற்றிய செய்திகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு ஒரு விஷயம் கண்ணில் பட்டிருக்கும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ‘முதல் பெண் தலைவி பிடிபட்டார்’ என்ற தலைப்பு தவறாமல் வந்துவிடுகிறது. 1993-இல் ரொசெட்டா குட்டோலோ, 1998-இல் ஜூசி விட்டாலே, 2001-இல் மரியா லிச்சார்தி என்று எத்தனை பேர் வந்தாலும், ஒவ்வொருவரும் ஏதோ ஒரு வகையில் முதலாமவராகவே சொல்லப்படுகிறார்கள். முப்பது ஆண்டுகளாக வந்துகொண்டேயிருக்கும் ஒருவரை ‘முதல்’ என்று எப்படி அழைப்பது என்ற சந்தேகத்தில்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

என் கருத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இவர்கள் எவரும் தலைவியர் அல்லர். ஆண் சிறைக்குப் போனபோது வீட்டுச் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டவர்கள். ரொசெட்டாவின் கதையைப் பாருங்கள். வெசூவியஸ் மலையடிவாரத்தில் உள்ள ஒட்டாவியானோ என்ற ஊரைச் சேர்ந்த அவருடைய தம்பி ராஃபேலே குட்டோலோ 1963-இல் ஒரு கொலைக்காகச் சிறை சென்றவர். இடையில் தப்பியோடித் தலைமறைவாக இருந்த சிறிது காலம் நீங்கலாக, ஏறத்தாழ வாழ்நாள் முழுவதையும் உள்ளேயே கழித்தவர். அங்கிருந்துதான் 1970-களில் ‘புதிய ஒழுங்கமைந்த கமோரா’ என்ற பெரும் குழுவைக் கட்டினார் (கமோரா என்பது நேப்பிள்ஸ் வட்டாரக் குற்றக்குழுக்களின் பெயர்). வெளியில் அதற்குக் கையும் காலுமாக இருந்தவர், திருமணமே செய்துகொள்ளாத அக்கா ரொசெட்டா. சிறை நேர்காணலில் தம்பி சொன்னதைச் சேரவேண்டிய இடத்தில் சேர்ப்பது, பணக் கணக்கைப் பார்ப்பது, சிறையிலிருந்த ஆட்களின் குடும்பங்களுக்குப் படியளப்பது ஆகியவை அனைத்தும் அவர் வழியாகவே நடந்தன. அந்த ஊரின் பழைய மெதிச்சி அரண்மனை 1980-இல் குட்டோலோவின் கைக்கு வந்தபோது அங்கே குடித்தனத் தலைவியாக இருந்தவரும் அவரே. ஆனாலும் அந்தக் குழு அறியப்பட்டது தம்பியின் பெயரால்தான். அக்கா இல்லாமல் அந்தக் குழு ஒரு மாதம்கூட நடந்திருக்காது என்று தோன்றுகிறது. ஆயினும் அக்காவின் பெயரால் அது ஒரு நாளும் நடக்கவில்லை.

இதில் மாறுபடுகிறவர்கள் எழுதவும்.

பதிவு 2 | தராசுமுள்

மாறுபடுகிறேன் என்று சொல்ல முடியாது. ஆனால் கேள்வியே சற்று இடம் மாறி நிற்பதாகக் கருதுகிறேன். நான் குற்றவியல் வழக்குகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழன்றவன். அந்தப் பெண்களுக்குத் தலைமை இருந்ததா என்பதைவிட, இவ்வளவு காலம் அவர்கள் ஏன் நீதிமன்றத்தின் கண்ணில் படவில்லை என்பதே எனக்கு முக்கியமாகத் தெரிகிறது.

இத்தாலியில் மாஃபியா வகைக் கூட்டமைப்பில் உறுப்பினராக இருப்பதையே தனிக்குற்றமாக்கிய 416-பிஸ் பிரிவு 1982 செப்டம்பரில்தான் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. அதற்கு முன்பிருந்தே இருக்கும் 384-ஆம் பிரிவு, நெருங்கிய உறவினரைக் காப்பாற்றுவதற்காக ஒருவர் அடைக்கலம் கொடுத்தாலோ உண்மையை மறைத்தாலோ அவருக்குத் தண்டனை இல்லை என்கிறது. சட்டம் மனிதாபிமானத்தோடு எழுதப்பட்டதுதான். ஆனால் குடும்பமே குழுவாக இருக்கும் இடத்தில் இதன் பயன் எங்கே போய் முடியும் என்பதை எண்ணிப் பாருங்கள். கணவன் பதுங்குவதற்கு இடம் பார்த்துக் கொடுத்தவள் மனைவி. கடிதம் கொண்டுபோனவள் தங்கை. விசாரணையில் உண்மையை மறைத்தவள் தாய். மூவரும் ‘உறவினர்’ என்ற ஒரே கதவு வழியாக வீட்டுக்குப் போய்விடலாம்.

இதற்கு மேல் நீதிபதிகளின் மனப்போக்கும் சேர்ந்துகொண்டது. 1983-இல் பலெர்மோ நீதிமன்றம், மாஃபியா குடும்பத்துப் பெண் ஒருவரின் பெயரில் இருந்த சொத்து பற்றிய வழக்கில், அந்தச் சூழலில் வாழும் பெண்கள் ஆண்களின் அதிகாரத்திலிருந்து விடுபட்டுச் சமமாக முடிவெடுக்கும் நிலையை இன்னும் அடையவில்லை என்ற பொருள்படத் தீர்ப்பளித்தது. நம்மூரில் பினாமி என்று சொல்வோமே, அந்த வேலைக்கு இதைவிடப் பாதுகாப்பான இடம் வேறு எங்கே கிடைக்கும்? ‘அவளுக்கு ஒன்றும் தெரியாது’ என்று மாஃபியாக்காரன் சொன்னதை நீதிமன்றமும் வழிமொழிந்தது. இருவருக்கும் அது வசதியாக இருந்தது. அதனால்தான் 1990-களில் திடீரென்று பெண்கள் ‘தோன்றினார்கள்’. அவர்கள் முன்பும் அங்கேதான் இருந்தார்கள். பார்க்கத் தொடங்கியது மட்டுமே புதிது.

பதிவு 3 | மலையடிவாரம்

தராசுமுள் ஐயா சொன்ன நகரத்தில்தான் நான் இருபது வருடங்களாக இருக்கிறேன். பலெர்மோவில் எங்கள் ஈழத்துத் தமிழர்கள் கணிசமாக இருக்கிறார்கள் என்பது இங்கே பலருக்குத் தெரிந்திருக்கும். பெல்லெக்ரீனோ மலை மீதுள்ள சாந்தா ரொசாலியா மாதாவின் குகைக்கோயிலுக்குச் சைவர்களும் கிறிஸ்தவர்களுமாக நாங்கள் ஏறிப் போவதை இந்த ஊர்க்காரரே வியந்து பார்ப்பார்கள். வந்த காலத்தில் பெரும்பாலானவர்களைப் போல நானும் வீட்டு வேலைக்குத்தான் போனேன்.

பழைய நகரத்துக்குள் மூன்றாம் மாடியில் தனியாக இருந்த ஒரு முதிய அம்மாவின் வீட்டில் வேலை. படியிறங்க முடியாதவர், பால்கனியிலிருந்து கயிற்றில் கூடையை இறக்குவார், கீழே கடைக்காரர் பாணும் தக்காளியும் வைப்பார், மேலே இழுத்துக்கொள்வார். ஒரு நாள் பகலில் கூடை பாதி தூரம் வந்தபோது கீழே சந்தில் ஒரு கூச்சலும் ஓட்டமும் கேட்டன. அம்மா பதறவில்லை. கூடையை இழுத்தெடுத்தார், மரக்கதவைச் சாத்தினார், தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டச் சொன்னார். பின்னேரம் காவல்துறையினர் ஒவ்வொரு வீடாகக் கேட்டுக்கொண்டு வந்தார்கள். ‘நான் படுத்திருந்தேன், இந்தப் பிள்ளை பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தது’ என்று எனக்கும் சேர்த்து அவரே பதில் சொல்லி முடித்துவிட்டார். நானும் தலையாட்டினேன்.

அந்த அம்மாவுக்கு எந்தக் குழுவோடும் தொடர்பு கிடையாது. ஆனால் அந்தப் பதிலின் வேகத்தை நான் இன்றைக்கும் நினைக்கிறேன். அது யோசித்துச் சொன்ன பதில் இல்லை. தாயிடமிருந்து மகளுக்கு வந்த கைப்பக்குவம். ஓமெர்த்தா என்று ஆண்கள் பெருமையாகப் பேசும் அந்த மௌனத்தைச் சமைத்து ஊட்டுகிறவர்கள் பெண்கள்தான் என்பது என் எண்ணம்.

பதிவு 4 | கரிசல்காட்டான்

மலையடிவாரம் அக்கா எழுதியதைப் படித்த பிறகு என் சாவிக்கொத்து உவமை சற்று இலேசாகிவிட்டதாக உணர்கிறேன். இருந்தாலும் ஒன்று கேட்கவேண்டும். வளர்ப்பதும் மறைப்பதும் பெண்கள் வேலை என்றால், அது அதிகாரம் ஆகுமா? சிசிலியின் கொர்லேயோனே ஊரைச் சேர்ந்த ஆசிரியை அந்தோனியெட்டா பகரெல்லாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1971-இல் அவரை ஊரைவிட்டு வெளியேற்றிக் கட்டாயக் குடியிருப்பில் வைக்கவேண்டும் என்று அரசுத் தரப்பு கேட்டது. மாஃபியா தொடர்பின் பெயரால் ஒரு பெண் மீது அப்படிக் கேட்பது அதுவே முதல் முறை. தான் செய்த ஒரே குற்றம் (பின்னாளில் சிசிலி மாஃபியாவின் பெருந்தலைவனான) டோட்டோ ரீனாவைக் காதலித்ததுதான் என்ற தொனியில் அவர் பேச, நீதிமன்றம் அந்தக் கோரிக்கையை ஏற்காமல் கண்காணிப்போடு நிறுத்திக்கொண்டது. 1974-இல் தேடப்பட்டுவந்த அதே ரீனாவை அவர் இரகசியமாக மணந்து தாமும் தலைமறைவானார். 1993 ஜனவரியில் ரீனா பிடிபடும்வரை நான்கு பிள்ளைகள் பிறந்தன, நான்கும் பலெர்மோ நகரிலேயே. படித்த பெண், சொந்தமாக முடிவெடுத்த பெண். ஆனால் அவர் ஆணையிட்டதாக எந்தச் சான்றும் இல்லை. இவரைத் தலைவி என்பதா, துணைவி என்பதா?

பதிவு 5 | தராசுமுள்

துணைவி என்றுதான் சட்டம் சொல்லும். ஆனால் ஏறத்தாழப் பத்தொன்பது ஆண்டுகள் ஒரு தலைமறைவுக் குடும்பம் ஒரு நகரத்துக்குள் இயல்பாகக் குடித்தனம் நடத்தியது என்றால், அந்த இயல்பு யாருடைய உழைப்பு என்ற கேள்வி எஞ்சுகிறது. தனியாகப் பதுங்கும் ஆண் அடிக்கடி இடம் மாறுவான், தவறு செய்வான். குழந்தைகளோடு உள்ள வீடு சந்தேகத்தைத் தானே விழுங்கிவிடும்.

பதிவு 6 | ஏட்டுச்சுரை

இழையை இத்தாலிக்கு வெளியே இழுக்க விரும்பவில்லை; ஒரே ஓர் ஒப்பீட்டுக்காக ஜப்பானைச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுகிறேன். அந்நாட்டுக் குற்றக்குழுக்களான யாகுசாக்களில் மிகப் பெரிய குழுவான யாமாகுச்சி-குமியின் மூன்றாம் தலைவர் கசுவோ தாவோகா 1981-இல் இறந்தார். அடுத்து வரவேண்டிய கெனிச்சி யாமாமோட்டோ மறு ஆண்டே இறந்துபோனார். நாற்காலி காலியாகக் கிடந்த அந்த இடைக்காலத்தில், 1984-இல் மசாஹிசா தகேனாகா நான்காம் தலைவராகும்வரை, குழுவைக் கலையாமல் பிடித்து வைத்திருந்தவர் தாவோகாவின் மனைவி ஃபுமிகோ. அவர் விலகி ஆண் ஒருவர் அமர்ந்தவுடன் குழு இரண்டாக உடைந்தது. 1985 ஜனவரியில் தகேனாகா சுட்டுக் கொல்லப்பட்டார்.

கரிசல்காட்டான் சொல்வது போல் இதுவும் ‘பார்த்துக்கொள்ளுதல்’தான். ஆனால் எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரே ஆள் அந்த அம்மையார்தான் என்றால், அதைப் பதிலி வேலை என்று தள்ளிவிட முடியுமா? தற்காலிகம் என்பதனாலேயே அதிகாரம் பொய்யாகிவிடாது.

அடுத்து, இத்தாலிக்குள்ளேயே எல்லாக் குழுவும் ஒன்றல்ல என்பதையும் நாம் மறந்துவிட்டோம். சிசிலியின் கோசா நோஸ்ட்ராவிலும் கலாப்ரியாவின் என்டிராங்கெட்டாவிலும் சடங்கு செய்து, சத்தியம் வாங்கிச் சேர்த்துக்கொள்ளப்படுகிறவர்கள் ஆண்கள் மட்டுமே. என்டிராங்கெட்டா தனக்கு உதவும் பெண்ணுக்கு ‘மௌனத்தின் சகோதரி’ என்றொரு பட்டத்தைக் கொடுக்கும், உறுப்பினராக்காது. நேப்பிள்ஸ் கமோரா அப்படியல்ல. அது பெரும்பாலும் தெருவும் வியாபாரமும் குடும்பமும் கலந்த ஒன்று. போருக்குப் பிந்தைய காலத்தில் கடத்தல் சிகரெட்டைத் தெருமுனையில் மேசை போட்டு விற்றவர்கள் அங்கே பெண்கள். தரைத்தளத்து ஒற்றை அறை வீடுகளின் வாசலே பிறகு போதைப்பொருள் கைமாறும் இடமானது. அங்கே தலைமைக்குப் பெண் வருவது வியப்பன்று.

1955-இல் அசுந்தா மரேஸ்கா செய்ததையே பாருங்கள். ‘புப்பெட்டா’ என்று ஊர் அழைத்த அந்த இருபது வயதுப் பெண், திருமணமான சில மாதங்களிலேயே கணவனை இழந்தவர். கொலைக்கு ஏவியவன் என்று தாம் கருதிய அந்தோனியோ எஸ்பொசிட்டோவை நேப்பிள்ஸ் தெருவில் பட்டப்பகலில் சுட்டுக் கொன்றபோது அவர் கருவுற்றிருந்தார். பிள்ளை சிறையில் பிறந்தது. எந்த ஆண் அவருக்கு ஆணையிட்டான்?

பதிவு 7 | கரிசல்காட்டான்

புப்பெட்டா கணவனுக்காகச் சுட்டார். ரொசெட்டா தம்பிக்காக நடத்தினார். ஜூசி விட்டாலே, சிசிலியின் பார்த்தினிக்கோ ஊரில் தம் அண்ணன் வீட்டோ 1998 ஏப்ரலில் பிடிபட்ட பிறகு, ஜூன் மாதம் தாமே கைதாகும்வரை பொறுப்பில் இருந்தார். கோசா நோஸ்ட்ராவில் ஒரு வட்டாரத்துக்கே தலைமை வகித்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட முதல் பெண் என்று பேசப்பட்டவரின் ஆட்சிக்காலம் இரண்டு மாதத்துக்குச் சற்று மேல். ‘யாருக்காக’ என்ற வேற்றுமை உருபு இல்லாமல் இவர்களைப் பற்றி ஒரு வாக்கியம் எழுத முடியவில்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

லிச்சார்தியை மட்டும் விதிவிலக்காக ஏற்கிறேன். நேப்பிள்ஸின் செக்கொந்தில்யானோ பகுதியில் அண்ணன்மாருக்குப் பிறகு பொறுப்பேற்று, 2001-இல் பிடிபட்டு, 2009-இல் வெளிவந்து, மீண்டும் 2021 ஆகஸ்டில் ரோம் நகரின் சியாம்பினோ விமான நிலையத்தில் ஸ்பெயினுக்குப் புறப்படும் நேரத்தில், எழுபது வயதில் கைதானார். இருபதாண்டு இடைவெளியில் இரண்டு கைது என்றால், அது யாருக்கோ நாற்காலி காத்த கதையாகத் தெரியவில்லை.

பதிவு 8 | ஏட்டுச்சுரை

ஆண்களும் அப்பனுக்காகவும் அண்ணனுக்காகவும்தான் சுடுகிறார்கள். அவர்களைப் பற்றி எழுதும்போது நாம் அந்த வேற்றுமை உருபைத் தேடுவதில்லை. 2002 மே மாதம் அவெல்லினோ மாவட்டத்து லவ்ரோ என்ற சிற்றூரில் காவா, கிராட்சியானோ ஆகிய இரு குடும்பங்களின் பெண்கள் மோதிக்கொண்ட துப்பாக்கிச் சண்டையில் மூன்று பெண்கள் செத்தார்கள். ஒருத்திக்கு வயது 16. அந்த வன்மம் கடன் வாங்கியது அல்ல.

பதிவு 9 | மலையடிவாரம்

தலைவியா இல்லையா என்ற வழக்கில் நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆனால் நீங்கள் மூவரும் பெண்கள் உள்ளே என்ன செய்தார்கள் என்பதையே பேசுகிறீர்கள். அவர்கள் வெளியே வர முயன்றபோது நடந்ததைப் பார்த்தால்தான் உள்ளே அவர்களுக்கு என்ன மதிப்பு இருந்தது என்பது விளங்கும்.

கலாப்ரியாவின் ரொசார்னோ ஊரில் மரியா கொன்செட்டா கச்சோலா என்றொரு பெண். கணவன் சிறையில், பெற்றோர் வீட்டில் காவலுக்குள் வாழ்க்கை, யாரோ போட்ட மொட்டைக் கடிதத்தை நம்பித் தகப்பனும் சகோதரனும் அடித்தார்கள். 2011 மே மாதம், மகனின் ஸ்கூட்டர் விவகாரமாகக் காவல் நிலையத்துக்குக் கூப்பிட்டபோது, போன இடத்தில் மனம் திறந்து பேசத் தொடங்கினாள். பாதுகாப்பில் வேறு ஊருக்குக் கொண்டுபோனார்கள். ஆனால் மூன்று பிள்ளைகளும் அவளுடைய தாயிடம் விடப்பட்டிருந்தார்கள். பிள்ளைகளைக் காட்டித்தான் அவளைத் திரும்ப வரவழைத்தார்கள். ஆகஸ்டில் வீட்டுக்கு வந்தாள். சொன்னதையெல்லாம் மறுத்து அவள் குரலிலேயே ஒலிப்பதிவு செய்யப்பட்டது. 20-ஆம் தேதி அமிலம் குடித்த நிலையில் இறந்தாள். அதே ஆண்டு ஏப்ரலில் லிம்பாதி ஊர்க் குழுவின் தலைவர் ஒருவரின் மனைவியும் அதிகாரிகளிடம் பேசிய சில வாரங்களில் அமிலத்தால்தான் இறந்திருந்தாள். பேசிய வாய்க்கு அமிலம் என்று இங்கே எல்லோரும் புரிந்துகொண்டார்கள்.

கூப்பிட்டது தாய்தான் என்பதை நான் மறக்க விரும்பவில்லை. அந்தத் தாயும் பின்னர் தண்டிக்கப்பட்டாள்.

பதிவு 10 | தராசுமுள்

அக்கா சொன்னதில் ஒரு சட்ட நுணுக்கத்தைச் சேர்க்கிறேன். கச்சோலா குற்றம் எதிலும் பங்கேற்றவர் அல்லர். எனவே அவர் சாட்சி. அதே ஊரைச் சேர்ந்த ஜூசெப்பினா பெஷே, நம் நீதிமன்ற வழக்கில் சொன்னால், அப்ரூவர். குழுவின் செய்திகளைச் சுமந்தவர், மாமூல் பணத்தைப் புழக்கத்தில் விட்டவர். 2010 ஏப்ரலில் கைதாகி அக்டோபரில் வாய் திறந்தவர். இவரும் 2011 ஏப்ரலில் பிள்ளைகளின் பொருட்டுப் பின்வாங்கி, சில மாதங்களில் மீண்டும் முன்வந்தார். 2013 மே மாதம் பால்மி நீதிமன்றம் அந்தக் குலத்தைச் சேர்ந்தவர்களும் கூட்டாளிகளுமாக 42 பேரைத் தண்டித்தது. தண்டனை பெற்றவர்களில் அவருடைய தாயும் சகோதரியும் உண்டு.

ஓர் ஆண் அப்ரூவர் ஆனால் குழுவுக்கு ஒரு கண்ணி அறும். ஒரு பெண் அப்ரூவர் ஆனால் பெயர், உறவு, எந்த வீட்டுச் சுவருக்குப் பின்னால் பதுங்குகுழி இருக்கிறது, எந்தக் கடை யார் பெயரில் ஓடுகிறது என்பதோடு, அடுத்த தலைமுறையும் அவளோடு வெளியேறிவிடும். ‘ஒன்றும் தெரியாதவள்’ என்ற பழைய பொய்யைக் குழுவே நம்பவில்லை என்பதற்கு, அவளைத் தடுக்க அது எடுத்த முயற்சியே சாட்சியம். என்டிராங்கெட்டா குடும்பத்திலிருந்து வெளியேறிச் சாட்சி சொன்ன லேயா கரோஃபாலோ விஷயத்தில் 2009 மே மாதம் கம்போபாசோவில் அவர் இருந்த வீட்டுக்குச் சலவை இயந்திரம் பழுதுபார்ப்பவன் என்று சொல்லி ஒருவன் வந்தான். வந்தது கடத்திப் போக. மகள் தெனீசே வீட்டிலிருந்ததால் தப்பினார். அதே ஆண்டு நவம்பர் 24-இல் மகளின் படிப்பைப் பற்றிப் பேசலாம் என்று மிலான் நகருக்கு வரவழைத்து, மகளின் தந்தையே கூட்டாளிகளுடன் சேர்ந்து கொன்றான். நீதிமன்றத்தில் தந்தைக்கு எதிராகச் சாட்சி சொன்னவள் அந்த மகள்.

பதிவு 11 | கரிசல்காட்டான்

ஒப்புக்கொள்கிறேன். ஆணையிடும் அதிகாரத்தை மட்டும் அளந்துகொண்டிருந்தேன். கலைக்கும் அதிகாரத்தை அளக்கவில்லை. ஜூசி விட்டாலேயும் 2005-இல் அப்ரூவர் ஆனவர்தான். சிறையில் பார்க்க வந்த சின்ன மகன், மாஃபியா கூட்டமைப்பு என்றால் என்ன அம்மா என்று கேட்டதே தம்மை அசைத்தது என்று அவர் சொல்லியிருக்கிறார். அவருடைய அண்ணன்மாரில் ஒருவர் நீதிமன்றத்திலேயே தங்கை உறவை அறுத்துப் பேசினார்.

இருந்தாலும் ஒரு நெருடல் உள்ளது. வெளியே வந்தவர்களைப் பற்றிப் பேசும்போது நாம் மெல்ல மெல்ல எல்லாப் பெண்களையும் பலியானவர்கள் பக்கம் நகர்த்திவிடுகிறோம். 1992 ஜூலையில், நீதிபதி போர்செலினோ குண்டுவெடிப்பில் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில், அவரை நம்பிச் சாட்சி சொன்ன 17 வயது ரீட்டா ஆட்ரியா ரோமில் உயிரை மாய்த்துக்கொண்டாள். பிறகு அந்தப் பெண்ணின் கல்லறைக் கல்லைச் சுத்தியலால் உடைத்தவர் பெற்ற தாய். அந்தத் தாயை எந்தப் பக்கம் நிறுத்துவது?

பதிவு 12 | மலையடிவாரம்

தம்பி, அந்தத் தாய்க்குக் கணவனும் மகனும் சுடப்பட்டு இறந்தவர்கள். மகளின் பேச்சை அவர் வீட்டு மானத்தின் மேல் விழுந்த அடியாகக் கண்டார். இது நியாயம் என்று நான் சொல்லவில்லை. பக்கம் பிரித்து நிறுத்தும் கோடு ஒரே வீட்டின் நடுவே ஓடுகிறது என்று மட்டும் சொல்கிறேன். இதே சிசிலியில், பலெர்மோவை அடுத்த சினிசியில், ஃபெலிச்சா இம்பஸ்தாதோ என்ற தாய் 1978-இல் கொல்லப்பட்ட மகனுக்காகக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வந்தவர்களிடமெல்லாம் பேசினார். கொலைக்கு ஏவிய மாஃபியா தலைவன் பதலமெந்தி 2002-இல் தண்டிக்கப்பட்டதைக் கண்ணால் பார்த்துவிட்டே 2004-இல் கண்மூடினார். அவரும் மாஃபியா குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர்தான்.

பதிவு 13 | ஏட்டுச்சுரை

பிள்ளைகளைப் பணயமாக வைக்கும் இந்த முடிச்சை அவிழ்க்க அங்கே அரசு ஏதும் செய்ததா?

பதிவு 14 | தராசுமுள்

செய்தது, சர்ச்சையோடு. ரெஜ்ஜோ கலாப்ரியா சிறார் நீதிமன்றத்தின் தலைவராக இருந்த ரொபெர்த்தோ தி பெல்லா, தாத்தா, தந்தை, மகன் என்று ஒரே குடும்பப் பெயர்கள் தம் மேசைக்குத் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டு, 2012 முதல் என்டிராங்கெட்டா குடும்பங்களின் சிறுவர்களை வேறு மாகாணங்களுக்கு அனுப்பி வளர்க்கும் ஆணைகளைப் பிறப்பிக்கத் தொடங்கினார். அரசு பிள்ளை பிடிக்கிறது என்று கடுமையாகக் கண்டித்தவர்கள் உண்டு. அந்தக் கண்டனத்தில் எனக்கும் ஓரளவு உடன்பாடு உண்டு, ஏனெனில் பெற்றோரின் குற்றத்துக்காகப் பிள்ளையை வேரோடு பிடுங்கும் அதிகாரம் நல்ல கையில் இருக்கும்போது மட்டுமே நன்றாகத் தெரியும்.

ஆனால் எதிர்பாராத ஒன்று நடந்தது. முதலில் எதிர்த்து நின்ற தாய்மாரில் சிலர், பிறகு தாங்களாகவே, கணவன் வீட்டாருக்குத் தெரியாமல் அவரிடம் வந்து, என் பிள்ளையையும் அனுப்பிவிடுங்கள், முடிந்தால் என்னையும் சேர்த்து அனுப்புங்கள் என்று கேட்டார்கள். 41-பிஸ் தனிமைச் சிறையில், மாதத்துக்கு ஒருமுறை கண்ணாடிக்கு அப்பாலிருந்து குடும்பத்தைப் பார்க்கும் தந்தையர் சிலரும் அந்த நீதிபதிக்குக் கடிதம் எழுதினார்கள்.

பதிவு 15 | கரிசல்காட்டான்

கணவனுக்குத் தெரியாமல் போனவள் மனைவி. மனைவிக்குத் தெரியாமல் கடிதம் எழுதியவன் கணவன். இருவரும் ஒரே நீதிபதியிடம் ஒரே பிள்ளைக்காகக் கேட்ட வீடும் அதில் ஒன்றாவது இருந்திருக்குமோ என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.